குரோ லைட் வாங்கப் போகிறீர்களா? கடன் எடுக்கும் முன் ஒளியைக் கணக்குப் போடுங்கள்!

ஐப்பசி பிறந்துவிட்டால் காரைக்கால் கரையோரத்தில் வெயிலை எதிர்பார்த்து எதையும் செய்ய முடியாது. இரண்டு நாள் காயும், நான்கு நாள் கொட்டும். மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு நடுவே, புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டுக் கிடக்கிற இந்தச் சிறு பகுதியில், கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த மீனவர் கிராமம் கோட்டுச்சேரிமேடு. அங்கிருந்து மகளிர் குழுவில் இருக்கும் வாசகி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்:

"எங்களுக்கு நிலம் கிடையாது. கொல்லை முழுக்க மணல். கோடையில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். வீட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்று சும்மா கிடக்கிறது. அறைக்குள்ளேயே விளக்கு வைத்துச் செடி வளர்க்கலாம் என்று பையன் போனில் காட்டுகிறான். நாலுக்கு நாலு அடி கறுப்புக் கூடாரம், '1000 வாட்' ஊதா விளக்கு, காற்று இழுக்கும் ஃபேன் எல்லாம் சேர்ந்த செட். குழுக் கடன் 30,000 ரூபாய் எடுத்து வாங்கலாமா? எந்த விளக்கு நல்லது?"

சுருக்கமான பதில், அந்த செட்டுக்காகக் கடன் எடுக்க வேண்டாம் என்பதுதான். அதற்காக விளக்கு வைத்துச் செடி வளர்ப்பதே தவறு என்று அர்த்தமில்லை. எந்தப் பயிருக்கு, எத்தனை நாளைக்கு, எந்த விளக்கு என்ற கணக்கு தெரிந்தால், 30,000 ரூபாய் போகும் இடத்தில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயிலேயே தொடங்கிப் பார்க்கலாம்.

அந்தக் கூடாரம் யாருக்காக வந்தது?

உள்பக்கம் வெள்ளி போல மின்னும் கறுப்புக் கூடாரம், 'வெஜ்', 'புளூம்' என்று இரண்டு சுவிட்ச் உள்ள விளக்கு, வாடையை உறிஞ்சும் கரி ஃபில்டர். இந்த செட் காய்கறிக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் கனடாவிலும் வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்போருக்காகப் பெருகிய வியாபாரம் இது. கனடாவில் 2018-ல் கஞ்சா சட்டபூர்வமானது. அங்கே விற்கும் அதே பொருள் இங்கே ஆன்லைனில் 'வீட்டுத் தோட்ட செட்' என்ற பெயரில் வருகிறது.

நம் நாட்டில் சட்டம் வேறு. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் புதுச்சேரிக்கும் தமிழகத்துக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். அதன் 20-ம் பிரிவின்படி, அனுமதியின்றிக் கஞ்சா செடி பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இத்தனை செடி வரை பரவாயில்லை என்ற விலக்கு பயிரிடுவதற்கு இல்லை. தெரிந்தே வீட்டையோ அறையையோ அதற்குப் பயன்படுத்த விட்டவருக்கும் 25-ம் பிரிவின்படி அதே தண்டனை உண்டு. 'அறையை வாடகைக்குக் கொடுங்கள், செடியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது வந்தால், என்ன செடி என்று கேட்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கும் போதை குறைந்த சணல் வகைக் கஞ்சாவுக்கு உத்தரகாண்ட் அரசு 2018-ல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. அதுவும் அரசு உரிமத்தோடு நிலத்தில் செய்யும் சாகுபடி.

கூடாரத்தையும் விளக்கையும் வாங்குவது குற்றமல்ல. ஆனால், ஒரு கிலோவுக்குப் பெரும் விலை கிடைக்கும் பொருளை மனதில் வைத்துச் செய்த கருவியில் கீரையும் தக்காளியும் வளர்த்தால் வரவு செலவு ஒட்டாது. கீழே வரும் கணக்கு அதைக் காட்டும்.

விளக்கு சோறா, கடிகாரமா?

செடிக்கு ஒளி இரண்டு விதத்தில் பயன்படுகிறது. ஒன்று, சோறு. ஒளியைக் கொண்டுதான் இலை மாவுச்சத்து தயாரிக்கிறது. இன்னொன்று, கடிகாரம். இரவு எவ்வளவு நீளம் என்று பார்த்துத்தான் பல செடிகள் எப்போது பூப்பது என்று முடிவு செய்கின்றன.

கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரு விஞ்ஞானிகள். கோடையில் எவ்வளவு வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை ரகத்தைத் தினமும் சில மணி நேரம் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, பகலைச் சுருக்கிப் பார்த்தார்கள். செடி பூத்தது. அந்த ஆய்வை 1920-ல் வெளியிட்டார்கள். இன்றைய கறுப்புக் கூடாரம் அந்த இருட்டுக் கொட்டகையின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.

கடிகாரத்தை ஏமாற்றக் கொஞ்சம் வெளிச்சம் போதும். வியட்நாமில் டிராகன் ஃப்ரூட் தோட்டங்களில் இரவில் பல்பு எரியவிட்டுப் பருவமில்லாத காலத்திலும் பூக்க வைக்கிறார்கள். பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்போர், பூ முன்கூட்டியே வராமல் தண்டு நீளட்டும் என்று நடு இரவில் சில மணி நேரம் விளக்குப் போடுகிறார்கள். அங்கெல்லாம் சோறு போடுவது சூரியன்தான். விளக்கு நேரத்தை மட்டும் மாற்றுகிறது. ஜன்னல் இல்லாத அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ செடி வைத்தால் சோறு முழுவதையும் கரண்டே போட வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

விளம்பரத்தில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பல மலிவு விளக்குகளில் அது உண்மையில் இழுக்கும் கரண்ட் 100 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். பழைய 1000 வாட் விளக்குக்கு 'ஈடானது' என்று சொல்லிக்கொள்வார்கள். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்த விளக்கை மட்டும் ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். உண்மையான 1000 வாட் என்றால் மீட்டரில் ஒரு யூனிட் ஏறியிருக்கும். டிஜிட்டல் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கையும் எண்ணலாம். மீட்டரில் 3200 என்று குறித்திருந்தால், 3,200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். ஒரு மணி நேரத்தில் 320 முறைதான் சிமிட்டியது என்றால் உங்கள் விளக்கு 100 வாட்.

வாட் என்பது விளக்கு தின்னும் கரண்ட். செடிக்கு வேண்டியது விளக்கு கொடுக்கும் ஒளி. அந்த ஒளியை 'மைக்ரோமோல்' என்ற அளவில் சொல்வார்கள். நெல்லை மூட்டைக் கணக்கில் சொல்வது போல, இலையில் வந்து விழும் ஒளித் துகள்களை எண்ணும் கணக்கு அது. ஒரு வாட் கரண்டுக்கு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் கிடைக்கிறது என்பதே விளக்கின் தரம்:

- பழைய குண்டு பல்பு: சுமார் 0.3. பெரும்பகுதி சூடாகவே போய்விடும்.
- பழைய ட்யூப் லைட்: 1-க்கும் குறைவு.
- தெருவில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு: 1 முதல் 1.7 வரை.
- மலிவு ஊதா எல்.இ.டி.: 1 முதல் 1.5 வரை.
- வீட்டுக்கு வாங்கும் வெள்ளை எல்.இ.டி. ட்யூப்: 1.4 முதல் 1.7 வரை.
- செடிக்கென்றே செய்த தரமான எல்.இ.டி.: 2.5 முதல் 3 வரை.

'செடி விளக்கு' என்று விற்கும் மலிவு ஊதா விளக்கை விட, மின்சாதனக் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை எல்.இ.டி. ட்யூப் பல நேரம் தேவலை. வாங்கும்போது இந்த மைக்ரோமோல் கணக்கை விற்பவரிடம் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை அல்லது அட்டையில் இல்லை என்றால், கூடுதல் விலை கொடுக்கக் காரணமே இல்லை.

எந்தப் பயிருக்கு எவ்வளவு ஒளி?

நடுப்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் விழுகிறது. எல்லாச் செடிக்கும் அவ்வளவு தேவையில்லை.

- மைக்ரோகிரீன், குழித்தட்டு நாற்று: 100 முதல் 200.
- இலைக்காக வளர்க்கும் லெட்யூஸ், கீரை வகைகள்: 200 முதல் 300.
- தக்காளி, மிளகாய், கத்தரி போன்ற காய்க்கும் பயிர்கள்: 500-ம் அதற்கு மேலும்.

இதை அளக்கும் கருவி விலை அதிகம். அதற்குப் பதில் லக்ஸ் மீட்டர் போதும்; ஆண்ட்ராய்டு போனில் இலவச ஆப் வைத்தும் தோராயமாகப் பார்க்கலாம். வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் வரும் லக்ஸை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிடைக்கும். வெயிலில் பார்த்தால் 54-ஆல் வகுக்க வேண்டும். செடியின் உச்சி இருக்கும் உயரத்தில் 8,000 லக்ஸ் இருந்தால் சுமார் 115 மைக்ரோமோல். நாற்றுக்கும் மைக்ரோகிரீனுக்கும் அது போதும். நடுவில் மட்டுமல்ல, நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த நிறத்தை லக்ஸ் மீட்டர் சரியாக அளக்காது.

ஓர் அடுக்குக்கான கணக்கு

நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம் உள்ள இரும்பு ரேக்கின் ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு முக்கால் சதுர மீட்டர். அதன் மேல் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. ட்யூப் நான்கை இலைக்கு மேல் அரை அடி முதல் முக்கால் அடி உயரத்தில் கட்டினால், பக்கவாட்டில் சிந்துவது போக 115 மைக்ரோமோல் அளவுக்கு இலையில் விழும்.

ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரிந்தால் 80 வாட் விளக்குக்கு 1.28 யூனிட். ஒரு யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 9 ரூபாய்.

அந்தத் தட்டில் 98 குழி உள்ள நான்கு குழித்தட்டுகள் அமரும். மொத்தம் 392 நாற்று. முளைக்கும் வரை நான்கைந்து நாள் தட்டுகளை அடுக்கி மூடி வைப்பதால் விளக்கு தேவையில்லை. பிறகு 20 நாள் எரிந்தால் 25.6 யூனிட், அதாவது சுமார் 180 ரூபாய். ஒரு நாற்றுக்கு விளக்குச் செலவு 46 பைசா. செடிக்கென்றே செய்த தரமான எல்.இ.டி. போட்டால் இதே ஒளிக்கு 44 வாட் போதும். செலவு ஒரு நாற்றுக்கு 25 பைசாவாகக் குறையும். ஆனால் விளக்கின் விலை அதிகம். வருடம் முழுக்க எரிப்பவருக்கு மாதம் 120 ரூபாய் மிச்சமாகும். கூடுதலாகக் கொடுத்த விலையை அந்த 120-ஆல் வகுத்தால் எத்தனை மாதத்தில் கைக்கு வரும் என்று தெரிந்துவிடும். மழைக்கால இரண்டு மாதம் மட்டும் எரிப்பவருக்குச் சாதாரண ட்யூபே லாபம்.

மைக்ரோகிரீன் என்றால், அதே தட்டில் ஓரடிக்கு ஓரடி அளவில் எட்டுத் தட்டு வைக்கலாம். முதல் மூன்று நாள் இருட்டில் வைத்து, ஏழு நாள் விளக்கில் வைத்தால் 9 யூனிட். ஒரு தட்டுக்கு 8 ரூபாய் விளக்குச் செலவு. கடுகு, முள்ளங்கி, பச்சைப்பயறு, வெந்தயம் எல்லாம் இதில் வரும்.

கூடாரத்தில் தக்காளி வைத்தால்?

இப்போது அந்த நாலுக்கு நாலு கூடாரத்தைக் கணக்குப் பார்ப்போம். பரப்பு ஒன்றரை சதுர மீட்டர். தக்காளிக்கு 500 மைக்ரோமோல் வேண்டும். நல்ல தரமான விளக்காக இருந்தாலும் சுமார் 340 வாட் இழுக்கும். நாளைக்கு 14 மணி நேரம் என்றால் மாதம் 140 யூனிட்டுக்கு மேல். ஏறக்குறைய 1,000 ரூபாய். மூன்று மாதப் பயிருக்கு 3,000 ரூபாய். அந்த இடத்தில் நான்கு செடி நிற்கும். ஒரு செடிக்குத் தாராளமாக மூன்று கிலோ போட்டாலும் 12 கிலோ. விளக்குச் செலவு மட்டுமே கிலோவுக்கு 250 ரூபாய். ஃபேன் ஓடும் கரண்ட், உரம், உழைப்பு, கூடாரத்தின் விலை எல்லாம் இதில் சேரவில்லை.

மேலும், விளக்கு இழுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் அறையில் சூடாகவே முடியும். கத்தரி வெயிலில் மூடிய கூடாரத்துக்குள் 340 வாட் அடுப்பு எரிவது போலத்தான். கனடாக்காரருக்குக் குளிர்காலத்தில் அந்தச் சூடு உதவி. காரைக்காலில் அது உபத்திரவம்.

கடிகாரத்தை மாற்றவோ அவசர ஆராய்ச்சிக்கோ விளக்கு போடுவது வேறு கதை. வாரணாசியில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தெற்காசிய மையத்தில், விளக்கையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தி ஒரே வருடத்தில் நான்கைந்து தலைமுறை நெல்லை எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அங்கே கிடைப்பது புது ரகம். அதன் மதிப்பு மூட்டைக் கணக்கில் வராது.

ஊதாவா, வெள்ளையா?

இலை பச்சையாகத் தெரிவதால் பச்சை ஒளியை அது பயன்படுத்துவதே இல்லை, சிவப்பும் நீலமும் மட்டும் போதும் என்ற எண்ணத்தில் வந்ததே ஊதா விளக்கு. 1972-ல் மெக்ரீ என்ற விஞ்ஞானி இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களின் இலைகளைச் சோதித்து, பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்று காட்டினார். சிவப்புக்கு ஒளிச்சேர்க்கையில் கொஞ்சம் பலம் அதிகம் என்பது உண்மை. அதற்காக வெள்ளையில் செடி வளராது என்பது பொய்.

வெள்ளை ஒளியில் இன்னொரு பெரிய நன்மை, நோய் கண்ணுக்குத் தெரியும். ஊதா வெளிச்சத்தில் இலை எல்லாமே கறுப்பாகத் தெரியும். மஞ்சள் பாய்ந்ததா, அழுகல் விழுந்ததா என்று அடையாளம் காண முடியாது. அட்டையில் 4,000 முதல் 6,500 கெல்வின் வரை போட்டிருக்கும் வெள்ளை ட்யூப் நாற்றுக்கு ஏற்றது.

முதலில் சூரியனைக் கேளுங்கள்

விளக்கு வாங்கும் முன் ஒரு கேள்வி. உண்மையிலேயே ஒளி குறைவா, மழைதான் தொல்லையா?

மேலே சொன்ன ட்யூப் ரேக்கில் ஒரு நாளைக்குச் செடிக்குக் கிடைக்கும் மொத்த ஒளி சுமார் 6.6 மோல் (10 லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). நல்ல வெயில் நாளில் காரைக்காலில் திறந்த வெளியில் கிடைப்பது 35 முதல் 40 மோல். மேகம் கவிந்து மழை தூறும் நாளில்கூட 5 முதல் 10 மோல் வரை கிடைக்கும். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ வெளிச்சம் புகும் யு.வி. ஷீட் போட்ட சின்ன மழைமறைப்பு இருந்தால், மழை நாற்றை அடிக்காது. ஒளியும் ஏறக்குறைய அந்த ட்யூப் ரேக் அளவுக்கு வரும். கரண்ட் பில் கிடையாது. மணல் கொல்லையில் புயலுக்குத் தாங்கும்படி கம்பை ஆழமாக ஊன்றுவதும், புயல் அறிவிப்பு வந்தால் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டி வைப்பதும்தான் வேலை.

மணல் என்று வருத்தப்படவும் தேவையில்லை. மும்பைச் சந்தைகளில் 'சமுத்ர மேத்தி' என்று ஒரு கீரை சின்னச் சின்னக் கட்டாக விற்கிறது. கடற்கரையோர மணலில் நெருக்கமாக வெந்தயம் விதைத்து, சில அங்குலம் வளர்ந்ததும் வேரோடு பிடுங்கிக் கட்டுவது. அங்கே விளக்கும் இல்லை, கூடாரமும் இல்லை. அலை ஏறாத மேட்டு மணலும் நல்ல தண்ணீரும் இருந்தால் கோட்டுச்சேரிமேட்டில் ஒரு பாத்தியில் முயன்று பார்க்கலாம். வெந்தயம் உப்புத் தண்ணீரில் சரியாக முளைக்காது. மழைக்காலத்தில் பிடித்து வைத்த தண்ணீரோ குழாய்த் தண்ணீரோதான் வேண்டும்.

ஈரம், கரண்ட், உப்புக் காற்று

அடுக்கு வைத்தாலும் கூடாரம் வைத்தாலும், தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இது விளையாட்டல்ல.

- செடி அறைக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். இரும்பு ரேக்குக்கு எர்த் கொடுக்க வேண்டும்.
- எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாதீர்கள். தட்டுகளுக்கு மேலான உயரத்தில் சுவரில் பொருத்துங்கள். வயர் பிளக்குக்குள் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும். தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.
- எல்.இ.டி. விளக்கிலும் டிரைவரிலும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் தெறிக்கும் இடத்துக்கு ஐ.பி. 65 என்று குறித்தது நல்லது.
- கடலோர உப்புக் காற்று முதலில் கடிப்பது இணைப்புகளையும் டிரைவரையும்தான். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுத் துடைத்து, பச்சை பூத்த இணைப்பை மாற்றுங்கள்.
- வீட்டு இணைப்பில் வியாபாரத்துக்காகப் பயிர் வளர்க்கலாமா, எந்தக் கட்டண வகையில் வரும் என்று மின்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் காற்றோட்டம் இல்லாத அறையில் நாற்றழுகல் வேகமாகப் பரவும். விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்யுங்கள். ஒரு சின்ன மேஜை ஃபேன் மெதுவாக ஓடட்டும். காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். கோடையில் விளக்கை மாலை 6 மணிக்குப் போட்டு மறுநாள் காலை 10 மணிக்கு அணைக்கும்படி டைமர் வைத்தால், பகல் சூட்டோடு விளக்குச் சூடு சேராது.

பத்துக்குப் பத்து அறைக்கு என்ன செய்யலாம்?

கோட்டுச்சேரிமேட்டு வாசகிக்கான யோசனை இதுதான். கடன் வேண்டாம். ஜன்னல் ஓரமாக ஒரே ஒரு ரேக், அதில் ஒரே ஒரு தட்டு, நான்கு எல்.இ.டி. ட்யூப், ஒரு டைமர். ட்யூப் ஒன்று 250 ரூபாய் என்றால் விளக்குக்கு 1,000 ரூபாய். அதில் புரட்டாசி கடைசியில் இரண்டு தட்டு கத்தரி, இரண்டு தட்டு மிளகாய் நாற்று போடுங்கள். அதே நாளில் மாடியில் ஷீட்டுக்குக் கீழும் இரண்டு தட்டு போடுங்கள். 25 நாள் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடி நாற்றே நன்றாக இருந்தால், விளக்கை நிறுத்திவிட்டு ஷீட்டை அகலப்படுத்துங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கோட்டுச்சேரி, நெடுங்காடு பக்கம் காய்கறி வைப்போரிடம் போய், மழை முடிந்ததும் என்ன நாற்று, எத்தனை வேண்டும், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மைக்ரோகிரீன் என்றால் ஹோட்டல்களில் கேளுங்கள். அறுவடை செய்த சில நாளில் விற்றாக வேண்டிய சரக்கு அது. வாங்க ஆள் கிடைத்த பிறகு இரண்டாவது தட்டுக்கு விளக்கு வாங்கினால் போதும்.

தொழில்நுட்ப சந்தேகங்களுக்கு மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், காரைக்கால் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியையும் அணுகலாம். போகும்போது விளக்கின் அட்டைப்பெட்டியையும் கையில் எடுத்துப் போங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: விளக்குக்குக் கீழ் நாற்று நெட்டையாக வளர்ந்து சாய்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: பெரும்பாலும் ஒளி போதவில்லை. விளக்கை அரை அடிக்கு இறக்குங்கள். தட்டில் நீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். உரத்தைக் கூட்டினால் இன்னும் நெட்டையாகத்தான் போகும். மாறாக, உச்சி இலை வெளிறி மேல்நோக்கிச் சுருண்டால் விளக்கு மிக அருகில் இருக்கிறது, சற்று ஏற்றுங்கள்.

கேள்வி: 24 மணி நேரமும் விளக்கு எரிந்தால் சீக்கிரம் வளருமா?

பதில்: தக்காளி இலை தொடர் வெளிச்சத்தில் வெளுத்துக் கெடும். 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு என்பது நாற்றுகளுக்குப் பாதுகாப்பான அளவு. கரண்டும் மிச்சம்.

கேள்வி: மாடியில் சோலார் தகடு வைத்து அந்தக் கரண்டில் குரோ லைட் போட்டால் இலவசம்தானே?

பதில்: ஒரு சதுர மீட்டர் தகடு நல்ல வெயில் நாளில் கொடுப்பது சுமார் 0.8 யூனிட். தரமான எல்.இ.டி. போட்ட ஓர் அடுக்கு நாளைக்குக் கேட்பது 0.7 யூனிட். ஆக, முக்கால் சதுர மீட்டர் தட்டுக்கு ஒரு சதுர மீட்டர் தகடு, பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் வேண்டும். மழை நாளில் தகடும் படுத்துவிடும். அதே மாடியில் வெயிலில் நேராகத் தட்டை வைப்பதே மலிவு. தகடு ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்கென்று வாங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வயல் ஓரம் புதிதாகப் பளிச்சென்று தெருவிளக்கு போட்டார்கள். அதன் கீழ் மட்டும் பாரம்பரிய சம்பா நெல் கதிர் விடாமல் பச்சையாக நிற்கிறது. விளக்குதான் காரணமா?

பதில்: இருக்கலாம். பழைய சம்பா ரகங்கள் பல, இரவு நீண்ட பிறகுதான் கதிர் விடும். இரவெல்லாம் வெளிச்சம் விழுந்தால் இரவே வரவில்லை என்று பயிர் நினைத்துக்கொள்ளும். விளக்குக்கு மறைப்புத் தகடு போட்டு வெளிச்சத்தைச் சாலைப் பக்கம் மட்டும் திருப்பும்படி கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுங்கள். அந்த ஓரத்தில் மட்டும், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குறுகிய கால ரகம் போடுவது இன்னொரு வழி.